பாட்டில்லாத ஆராதனை எங்கே கிடைக்கும்? தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபம் வேண்டும், வேதவாசிப்பு வேண்டும், திருவிருந்து வேண்டும், பாட்டு மட்டும் வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வெளியே சொல்ல மாட்டார்கள். காது இரைச்சல் உள்ளவர்கள், டிரம்ஸ் சத்தத்தில் ஒற்றைத் தலைவலி கிளம்புகிறவர்கள், வீட்டில் சாவு நடந்தபின் வாய் திறந்து பாட முடியாதவர்கள், தொண்டையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள் இதில் இருக்கிறார்கள். காரணம் என்று ஒன்றும் இல்லாமல், அமைதியாக உட்கார்ந்தால்தான் மனசு ஒட்டுகிறது என்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு, இரண்டு மாவட்டத்து நிலவரம் தெரிந்தவரையில் இங்கே பதில்.

பாட்டே இல்லாத சபை இந்தப் பக்கம் இருக்கிறதா?

இல்லை. ஓசூரிலிருந்து அரூர் வரை தேடினாலும், எப்போதும் பாடாத சபை என்று ஒன்றைக் காட்ட முடியாது. கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே, பிரதரன், அட்வென்டிஸ்ட், இரட்சணிய சேனை எல்லோரும் பாடுகிறார்கள். இரட்சணிய சேனைக்கு பேண்டு வாத்தியமே அடையாளம்.

அதனால் சபையைத் தேடி அலையாதீர்கள். நேரத்தைத் தேடுங்கள். உங்கள் ஊரில் ஏற்கெனவே இருக்கிற ஆலயத்திலேயே பாட்டு இல்லாத வேளை ஒன்று இருக்கும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு மட்டும் போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கு அது தெரியாது.

பாடாமல் இருப்பது பாவம் இல்லையா? வேதமே பாடச் சொல்கிறதே?

சொல்கிறது. சங்கீதம் முழுக்கச் சொல்கிறது. எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் பவுல் சொல்கிறார். கடைசி இராப்போஜனம் முடிந்து இயேசுவும் சீஷர்களும் பாட்டுப் பாடிவிட்டுத்தான் ஒலிவமலைக்குப் போனார்கள் (மத்தேயு 26:30). பாடுவது தப்பு என்று யாராவது உங்களிடம் வாதம் செய்தால் நம்பாதீர்கள்.

ஆனால் அதே வேதத்தில் அன்னாள் இருக்கிறாள். சீலோவில் உதடு மட்டும் அசைய, சத்தம் வெளியே கேட்காமல் ஜெபம் பண்ணினாள். ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துக் கண்டித்தான் (1 சாமுவேல் 1). சத்தமில்லாமல் ஜெபிக்கிறவர்களைத் தப்பாக நினைப்பது இன்று வந்த பழக்கம் இல்லை என்று தெரிகிறது அல்லவா. கேட்கப்பட்ட ஜெபம் அவளுடையது. எலியா தீர்க்கதரிசிக்குக் காற்றிலும் பூமி அதிர்ச்சியிலும் அக்கினியிலும் வராத கர்த்தர் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் வந்தார். வெளிப்படுத்தின விசேஷம் எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம் இன்னும் வியப்பு: ஏழாம் முத்திரையை உடைத்தபோது பரலோகத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதல் உண்டாயிற்று. பாடிக்கொண்டே இருக்கிற இடம் என்று நாம் நினைக்கிற பரலோகத்தில்!

சபை வரலாற்றிலும் முன்னுதாரணம் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சீர்திருத்தவாதி ஸ்விங்ளி 1525-இல் கொண்டுவந்த ஆராதனை முறையில் பாட்டே கிடையாது. அந்த ஊர் சபையில் பாட்டு திரும்பி வந்தது 1598-இல்தான். எழுபது வருஷத்துக்கு மேல் ஒரு நகரமே பாடாமல் ஆராதித்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஸ்விங்ளி பல வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவர். பாட்டை வெறுத்து அவர் அதை நீக்கவில்லை.

கத்தோலிக்க ஆலயத்தில் எந்தப் பூசைக்குப் போவது?

இந்த வட்டாரத்தில் பாட்டில்லாத பொது ஆராதனை சுலபமாகக் கிடைக்கிற ஒரே இடம் வாரநாள் பூசை. திங்கட்கிழமைக்கோ வியாழக்கிழமைக்கோ போங்கள். ஏன் அந்த இரண்டு நாள்? செவ்வாய் என்றால் பல பங்குகளில் அந்தோனியார் நவநாள். புதன் சகாய மாதா நவநாள். முதல் வெள்ளியில் திரு இருதய பக்தி, ஆராதனை, ஆசீர். சனிக்கிழமை மாதாவுக்கு. இந்த நாட்களில் பாடல் குழு வந்துவிடும். ஊருக்கு ஊர் கிழமை மாறும், ஆகவே ஆலய வாசலில் இருக்கும் பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சட்டப்படியும் இதற்கு இடம் உண்டு. ஞாயிறு, கட்டாயம் பூசை பார்க்கவேண்டிய கடன் திருநாட்களில் பாட்டு இல்லாமல் போகாதபடி கவனம் வேண்டும் என்று, பூசை முறையைச் சொல்லும் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை சொல்கிறது. வாரநாளில் எல்லாவற்றையும் பாடவேண்டிய கட்டாயம் இல்லை என்றும் அதுவே சொல்கிறது. பாட்டு இல்லாவிட்டால் வருகைப் பல்லவியை வாசிப்பார்கள். பதிலுரைப் பாடலை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் பேச்சிலேயே பதில் சொல்வார்கள். நற்செய்திக்கு முந்தைய அல்லேலூயாவைப் பாடவில்லை என்றால் விட்டுவிடவும் செய்யலாம். மொத்தமும் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

மார்கழிக் குளிரில் அப்படி ஒரு பூசை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பீடத்தின் மேல் மட்டும் டியூப்லைட் எரியும், பின்பக்கம் இருட்டு. சால்வை போர்த்திய பாட்டிகள் நாலைந்து பேர், டூட்டிக்குப் போகிற வழியில் வந்த ஒரு நர்ஸ், இரண்டு சிஸ்டர்கள். ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோவில்பிள்ளை மணியை ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள், ஃபாதர் வந்துவிட்டார் என்று அர்த்தம். மைக் போடமாட்டார்கள். வாசகம் வாசிக்கிற அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். நற்கருணை (திருவிருந்து அப்பம்) வாங்கியபின் வரும் மௌனத்தில் வெளியே பால் வண்டி போவது கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. உள்ளே பாட்டு இல்லை என்றாலும், கத்தோலிக்கர் நிறைந்த பழைய ஊர்களில் பூசைக்கு முன்னால் கோபுரத்து ஒலிபெருக்கியில் பக்திப்பாடல் போடும் வழக்கம் உண்டு. சத்தம் தாங்காதவர்கள் முதல் மணிக்குப் போகாமல் கடைசி மணிக்குப் போவது நல்லது. ஊர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் தேர்பவனி முடியும் வரை அந்தப் பக்கமே வேண்டாம், பக்கத்துப் பங்குக்குப் போய்விடுங்கள். இரண்டு மாவட்டமும் 1997-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மறைமாவட்டத்துக்குள்தான் வருகிறது. தருமபுரி திரு இருதயப் பேராலயம், கிருஷ்ணகிரி பாத்திமா அன்னை ஆலயம், கோவிலூர், எலத்தகிரி, பி.பள்ளிப்பட்டி, மத்திகிரி என்று பங்குகளுக்குப் பஞ்சம் இல்லை. நேரத்தை மட்டும் அந்தந்தப் பங்கு அலுவலகத்தில் கேளுங்கள்.

கன்னியர் மடத்துச் சிற்றாலயம் அமைதியாக இருக்கும் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. சிஸ்டர்கள் வாரநாளிலும் பாடுவார்கள், நன்றாகவே பாடுவார்கள்.

வாரநாள் பூசைக்குப் போனால் ஞாயிறு கடமை தீர்ந்துவிடுமா?

தீராது. கத்தோலிக்கர் என்றால் ஞாயிறு பூசையோ, சனிக்கிழமை மாலையில் ஞாயிறுக்காக வைக்கும் பூசையோ பார்க்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மூன்று பூசை நடக்கும் பெரிய பங்குகளில் விடியற்காலைப் பூசையில் பாட்டு குறைவு. பாடல் குழுப் பிள்ளைகள் அந்த நேரத்துக்கு எழுந்து வருவதில்லை. அங்கே நீங்கள் பாடாமல் நின்றால் பூசை செல்லாது என்று எந்த விதியும் இல்லை. உடல்நிலை காரணமாகப் போகவே முடியாவிட்டால் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள், நோயாளிகளுக்குக் கடமையிலிருந்து விலக்கு உண்டு.

நான் கத்தோலிக்கர் இல்லை. இந்துக் குடும்பத்தில் பிறந்தவன். போகலாமா?

தாராளமாக. பின் பெஞ்சில் உட்காருங்கள், மற்றவர்கள் எழும்போது எழுங்கள், முழங்கால் போட வேண்டியதில்லை. நற்கருணை வாங்க வரிசையில் மட்டும் போகாதீர்கள், அது கத்தோலிக்கருக்கு உரியது. யாரும் பெயர் கேட்டுப் பதிவு செய்ய மாட்டார்கள். புதிதாக வருகிறவர்களை முன்னால் கூப்பிட்டு நிறுத்திக் கைதட்டும் பழக்கம் இங்கே இல்லை என்பதே சிலருக்குப் பெரிய நிம்மதி.

நற்கருணை ஆராதனை மௌனமாக இருக்குமா?

பாதி. பொதுவாக நடத்தும் ஒரு மணி நேர ஆராதனையில் பாட்டு, செபம், பாட்டு என்று மாறி மாறி வரும், முடிவில் ஆசீருக்கு முன் பாட்டு கட்டாயம் இருக்கும். நடுவில் மௌனம் இரண்டு நிமிஷம் வந்தால் அதிர்ஷ்டம். நாள் முழுக்கத் திறந்து வைக்கும் நற்கருணைச் சிற்றாலயம் வேறு விஷயம். அங்கே யாரும் பேசமாட்டார்கள், வந்து உட்கார்ந்து எழுந்து போவார்கள். தனியாகச் சொல்லும் செபமாலைக்கும், ஆலயச் சுவரில் இயேசுவின் பாடுகளைக் காட்டும் 14 தலங்கள் முன் தனியாக நின்று செய்யும் சிலுவைப் பாதைக்கும் பாட்டு வேண்டாம். தவக்கால வெள்ளிக்கிழமை எல்லோரும் சேர்ந்து செய்யும் சிலுவைப் பாதையில் தலத்துக்குத் தலம் பாட்டு உண்டு.

புனித வெள்ளியன்று வாத்தியம் இருக்காது என்கிறார்களே?

வாத்தியமும் மணியும் இருக்காது, குரல் இருக்கும். பெரிய வியாழன் மாலை வானவர் கீதத்தோடு மணி நின்றுவிடும், சனி இரவு திருவிழிப்பில்தான் மறுபடி ஒலிக்கும். நடுவில் மரக்கட்டையைத் தட்டுவார்கள். வெள்ளி மாலைச் சடங்கின் தொடக்கம் மட்டும் மௌனத்தை விரும்புகிறவர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டியது. வருகைப் பாட்டு இல்லை. குருவானவர் நேரே வந்து பீடத்தின் முன் குப்புற விழுந்து கிடப்பார். மக்கள் எல்லோரும் முழங்காலில் நிற்பார்கள். ஆலயம் நிரம்பி வழியும் நாளில் ஒரு சத்தமும் கேட்காத அந்த ஒன்றிரண்டு நிமிஷம் வருஷத்தில் வேறெப்போதும் கிடைக்காது. அதன்பின் சிலுவை ஆராதனைக்கு உருக்கமான பாட்டுகள் நெடுநேரம் வரும். அன்று சி.எஸ்.ஐ. சபைகள் மூன்று மணி நேரம் நடத்தும் மும்மணி ஆராதனையிலும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு நடுவில் பாட்டுத்தான்.

சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆலயங்களில் வழி இருக்கிறதா?

கொஞ்சம் கஷ்டம். சின்ன ஊர்களில் ஒரே ஆயர் பல கிராமச் சபைகளைப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு ஒரே ஆராதனை, அதில் கீர்த்தனையும் பாமாலையும் இல்லாமல் இராது. பெரிய நகரங்களில் ஆங்கில ஆராதனைக்குப் பழகிய சபைகள் சிலவற்றில் அதிகாலைத் திருவிருந்தைப் பாட்டில்லாமல், வாசிப்பாகவே நடத்தும் ஆங்கிலிக்கன் வழக்கம் உண்டு. ஓசூர்க்காரர்கள் பெங்களூரு பக்கத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

லுத்தரன் சபைக்கு இந்த மண்ணோடு தனி உறவு. இன்று ஐ.இ.எல்.சி. என்று அறியப்படும் இந்திய சுவிசேஷ லுத்தரன் சபையின் வேலை 1895-இல் கிருஷ்ணகிரியில்தான் தொடங்கியது. நேதர், மோன் என்ற இரண்டு ஜெர்மானிய மிஷனரிகள் தொடங்கினார்கள். ஆனால் சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரே பாட்டு எழுதியவர், ஞானப்பாட்டு அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது. ஆயர் இசையாகச் சொல்ல, சபையும் இசையாகவே பதில் சொல்லும் வழிபாட்டில் பாட்டைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது.

இரண்டு சபைகளிலும் எட்டும் தூரத்தில் இருப்பது வீட்டுத் திருவிருந்து. நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் ஆயர் வீட்டுக்கே வந்து கொடுப்பார். பாவ அறிக்கை, வேதவாசிப்பு, ஜெபம், அப்பம், திராட்சரசம், ஆசீர்வாதம். பாட்டு கேட்டால் உண்டு, வேண்டாம் என்றால் இல்லை. வாரநாள் வேதபாட வகுப்பும் பெரும்பாலும் ஒரே பாட்டோடு முடிந்துவிடும்.

பெந்தெகொஸ்தே சபையில்?

முதல் முக்கால் மணி, ஒரு மணி நேரம் பாட்டுக்கே போகும். செய்தி தொடங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு அப்போது போவது ஒரு வழி, பலர் அதைத்தான் செய்கிறார்கள். பாஸ்டரிடம் முன்னாடியே காரணத்தைச் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் 'பின்மாற்றத்தில் இருக்கிறார்' (விசுவாசத்தில் தளர்ந்துவிட்டார்) என்று உங்களுக்காகத் தனி ஜெபம் ஏறெடுக்கப்படும்.

வாத்தியம் இல்லாத சபை என்று ஒன்றைச் சொன்னார்கள். அது பாட்டு இல்லாத சபைதானே?

இல்லை. கிறிஸ்துவின் சபை என்ற பெயரில் இயங்கும் சபைகள் பல வாத்தியத்தைத்தான் ஒதுக்குகின்றன. பாட்டை ஒதுக்கவில்லை, இன்னும் உரக்கப் பாடுவார்கள். டிரம்ஸ், ஆம்ப்ளிஃபையர்தான் உங்கள் பிரச்சினை என்றால் இது போதும், பாட்டே வேண்டாம் என்றால் போதாது.

பிரதரன் சபையின் அப்பம் பிட்குதல் கூட்டத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். அங்கே போதகர் என்று ஒருவர் நின்று நடத்துவதில்லை. எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ஒரு சகோதரர் எழுந்து ஜெபிப்பார். மறுபடி மௌனம். இன்னொருவர் ஒரு வசனம் வாசிப்பார். மறுபடி மௌனம். நடுநடுவே யாராவது ஒரு பாட்டின் நம்பரைச் சொன்னால் பாடுவார்கள், பல இடங்களில் வாத்தியம் இல்லாமலே. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் இவ்வளவு அமைதி விடும் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபை தமிழ்நாட்டில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. அப்பத்தில் பங்கெடுக்கும் விஷயத்தில் மட்டும் கண்டிப்பானவர்கள், முதல்முறை போகிறவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பதே மரியாதை.

குவேக்கர்கள் என்று படித்தேன். அவர்கள் கூட்டம் இங்கே நடக்கிறதா?

தருமபுரி, கிருஷ்ணகிரியில் போய் உட்காரக்கூடிய கூட்டம் என்று சொல்ல எதுவும் இல்லை. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய இயக்கம் அது. பழைய முறைப்படி பாட்டு, பிரசங்கம், குருவானவர் எதுவும் கிடையாது. சுமார் ஒரு மணி நேரம் மௌனமாக உட்கார்வார்கள், ஏவப்பட்டவர் மட்டும் எழுந்து நாலு வார்த்தை பேசுவார், கடைசியில் பக்கத்தில் இருப்பவருக்குக் கைகொடுத்து முடிப்பார்கள். உலகத்தில் குவேக்கர்கள் அதிகம் இருக்கும் கென்யாவில் பாட்டும் பிரசங்கமும் உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பெயரை மட்டும் நம்பிப் போகக்கூடாது. தமிழ்நாட்டுக்கு இந்தப் பெயர் புதிதல்ல. காந்தியடிகளோடு வேலை செய்த மார்ஜரி சைக்ஸ் குவேக்கர்தான். 1928-இல் சென்னையில் பள்ளி ஆசிரியையாக வந்தவர், பிற்காலத்தில் கோத்தகிரியில் பல வருஷம் இருந்தார்.

இரண்டு மூன்று நாள் மௌனமாக இருந்து தியானிக்க எங்கே போகலாம்?

'தியானம்' என்று நோட்டீஸில் போட்டிருந்தால் ஏமாறாதீர்கள். நம் ஊரில் தியானக் கூட்டம் என்றால் காலையிலிருந்து மாலை வரை பாட்டும் சாட்சியும்தான். மௌனத் தியானமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் ஆன்மிகப் பயிற்சி நிஜமான மௌனம். முழுப் பயிற்சி 30 நாள், சுருக்கம் 8 நாள். சாப்பாட்டு மேஜையிலும் பேச்சு இல்லை, வழிகாட்டியோடு தினமும் கொஞ்ச நேரம் பேசுவது மட்டும். சென்னையில் இயேசு சபையினரின் தியான ஆசிரமம் இதற்கென்றே இருக்கிறது.

கிட்டத்தில் என்றால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம். கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர்தான். ஜேசுதாசன், ஃபாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921-இல் தொடங்கியது, சீர்திருத்தச் சபையார் நடத்திய ஆசிரமங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. நம் கோயில் பாணியில் கட்டிய ஜெபாலயம் அங்கே இருக்கிறது. போகுமுன் கேட்டுவிட்டுப் போங்கள். குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக்கரைச் சாந்திவனம் (1950) இன்னொன்று. வழிபாட்டில் பஜனை உண்டு, ஆனால் விடியலுக்கும் அந்திக்கும் தனித் தியான நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைக்கு ஆட்டிசம். சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு அழுகிறான். ஞாயிறு குடும்பமாகப் போக முடியவில்லை.

முதலில் ஸ்பீக்கர் எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஆலயங்களில் சுவரோரத் தூண்களில் இருக்கும், ஆகவே ஓரம்தான் அதிகச் சத்தம். நடுவில் பின்பக்கம், வாசலுக்கு நேரே உட்கார்ந்தால் எழுந்து போவதும் சுலபம். காதை மூடும் ஹெட்போன் மாட்டிவிடுங்கள், யாராவது முறைத்தால் முறைக்கட்டும். ஒரு வாரநாளில் ஆளில்லாத ஆலயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இடத்தைப் பழக்குங்கள். காதுகேட்கும் கருவி வைத்திருக்கும் பெரியவர்களுக்கும் இதே யோசனைதான், கீபோர்டு பக்கம் உட்காரவே கூடாது.

டிசம்பர் மாதம் கேரல் பவனி நடுராத்திரி வீட்டு வாசலுக்கே வரும். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, ஜெபம் மட்டும் செய்துவிட்டுப் போங்கள் என்று வாலிபர் சங்கத் தம்பிகளிடம் முந்தின நாளே சொன்னால் கேட்பார்கள்.

ஆயரிடமோ ஃபாதரிடமோ இதை எப்படிக் கேட்பது?

பாட்டைக் குறை சொல்லித் தொடங்காதீர்கள். பாடல் குழுவில் அவர் மகளே இருக்கலாம். 'ஐயா, சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜெபமும் வாசிப்பும் மட்டும் இருக்கிற நேரம் ஏதாவது உண்டா? இல்லாவிட்டால் மாதம் ஒருநாள் அரைமணி நேரம் ஆலயத்தைத் திறந்துவிட முடியுமா?' இவ்வளவு போதும். ஆராதனையை மாற்றச் சொன்னால் கமிட்டிக்குப் போகும், கமிட்டிக்குப் போனது திரும்பி வராது. சாவி கேட்டால் கோவில்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.

பக்கத்தில் உட்காரும் அம்மா, 'ஏம்மா, வாயே திறக்க மாட்டேங்கறே?' என்று கேட்பார். 'தொண்டை சரியில்லை அத்தை' என்று பொய் சொல்ல வேண்டாம். 'கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் அத்தை' என்றால் விட்டுவிடுவார்.

நாங்கள் நாலைந்து பேர் வீட்டிலேயே கூடினால்?

நல்லது. ஒருவர் ஒரு சங்கீதத்தை நிதானமாக வாசிக்கட்டும். பத்து நிமிஷம் மௌனம். அதே பகுதியை இன்னொருவர் வாசிக்கட்டும். மறுபடி மௌனம். பிறகு விருப்பம் உள்ளவர்கள் ஒரு வரி ஜெபம், கடைசியில் எல்லோரும் கர்த்தர் கற்பித்த ஜெபம். முதல் இரண்டு மூன்று முறை பத்து நிமிஷம் ஒரு மணி நேரமாகத் தெரியும். செல்போனை அடுத்த அறையில் வையுங்கள், சைலன்ட்டில் போட்டால் அதிர்கிற சத்தம் இன்னும் மோசம். திருவிருந்து மட்டும் நீங்களாக நடத்தாதீர்கள், அதற்குச் சபைக்கே போங்கள்.

கல்யாணத்தையும் அடக்க ஆராதனையையும் பாட்டில்லாமல் நடத்த முடியுமா?

முடியும். கல்யாணத்தில் சட்டத்துக்கும் சபைக்கும் தேவையானது வாக்குறுதியும் சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்தும். பாட்டு அழகுக்கு. அடக்கத்திலும் அப்படியே. ஆனால் அடக்கத்தில் ஊரார் தாமாகவே பாட ஆரம்பித்துவிடுவார்கள். உயிரோடு இருக்கும்போதே எழுதி வைத்திருந்தாலும் தடுக்க ஆள் இருக்காது.